கரடிக் கட்சியும் மூன்றாம் ஓலையும்

"எந்த எபிசோடு?"

இந்த ஒரு கேள்விக்குப் பயந்து வில்லியனூர் ரயில்வே கேட் வரை வந்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். படிக்காத நாவலைப் பற்றி இலக்கியக் கூட்டத்தில் அரை மணி நேரம் பேசிக் கைதட்டல் வாங்கியவன் நான். அப்படிப்பட்ட நானே, அவர் எதிரே வந்தால் ஹெல்மெட்டைக் கழற்றாமல் இருந்த நாட்கள் உண்டு.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. இப்போது பிரான்ஸில் தம்பி வீட்டோடு இருக்கிறார். ஃபோன் அங்கேயும் வேலை செய்கிறது. பெயரைப் போட்டு எழுதி, அதில் ஒரு சீசன் நம்பர் தப்பாகப் போய்விட்டால் என் மீதி வாழ்க்கை திருத்தம் போடுவதிலேயே கழிந்துவிடும்.

நான் பழகிய நாட்களில் அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. திருபுவனையில் பிளாஸ்டிக் வாளி செய்யும் கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். பெரிய உடம்பு, அதற்குத் தகுந்த மீசை, எப்போதும் இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா வீட்டு மாடியில் ஒரு அறையும், அந்த அறையின் ஒரு சுவர் முழுக்க ஒரு டிவியும் வைத்திருந்தார். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர் என்பதால் எங்கள் ஊரில் அவர்கள் வீடு இன்றைக்கும் 'சொல்தா வூடு', அதாவது சிப்பாய் வீடு. அப்பா விட்டுப்போனதில் மற்றவர்கள் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டார்கள். இவர் பிரெஞ்சை எடுத்துக்கொண்டு, அதை வைத்து கார்ட்டூன் பார்த்தார்.

குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன் இல்லை. பெரியவர்களுக்கான கார்ட்டூன். இந்தச் சொல்லை எங்கள் வேதக்கோயில் பங்கில் சத்தமாகச் சொல்ல முடியாது. தெருவாரியாக நடக்கும் அன்பியக் கூட்டத்தில் யாரோ ஒருத்தி, "உன் தம்பி மாடியில பெரியவங்க படமாமே பாக்குறாரு?" என்று இழுக்க, அவர் அக்கா ஜெபமாலையைக் கீழே வைத்துவிட்டு விளக்கம் கொடுத்தாராம்: "ஐயோ, அந்த மாதிரில்லாம் இல்லக்கா. ஒரு கரடி அழுவுது. அவ்ளோதான்."

உண்மையில் அக்கா சொன்னதுதான் அந்தத் தொடரின் மிகச் சரியான விமர்சனம். ஏதோ ஒரு குளிர்தேசத்து நகரத்தில், ஒரு கரடி சவ அடக்க ஏற்பாடு செய்யும் கம்பெனி நடத்துகிறது. கோட்டு போடும், குடிக்கும், பெண்டாட்டியோடு சண்டை போடும். ஒவ்வொரு சீசன் முடிவிலும் குளிர்காலத் தூக்கத்துக்குப் போய்விடும். எழுந்து பார்த்தால் பெண்டாட்டி போயிருப்பாள், அல்லது மகள் வளர்ந்திருப்பாள், அல்லது வீடு விலைக்குப் போயிருக்கும். இதைப் பார்த்து மனிதர்கள் சிரிக்க வேண்டும். அதுதான் காமெடி.

இதற்கு எதிர்க்கட்சி புறா, அது இன்னொரு தொடர். ஒரு நகரசபை ஆபீஸில் குமாஸ்தாக்களாக வேலை பார்க்கும் புறாக்கள். வாசலில் ஒரு தளபதியின் சிலை. புறாக்களுக்கும் சிலைக்கும் என்ன உறவு இருக்க முடியுமோ அந்த உறவை வைத்தே எத்தனையோ சீசன் ஓட்டிவிட்டார்கள். எங்கள் வட்டாரத்தில் புறாக் கட்சித் தலைவி, வில்லியனூரில் மருந்துக்கடை வைத்திருந்த சகாயராணி. மகன் வெளிநாட்டிலிருந்து போட்டுக்கொடுத்த சந்தாவில் தற்செயலாகப் பார்க்க ஆரம்பித்து, கடைசியில் மகனைவிடப் புறாக்களைப் பற்றி அதிகம் கவலைப்படும் நிலைக்கு வந்தவர்.

சாயங்காலம் இவர் ஷிஃப்ட் முடிந்து அந்தக் கடையில் பிரஷர் மாத்திரை வாங்க வருவார். மாத்திரை வாங்குவது ஒரு நிமிட வேலை. பிரஷர் ஏறுவதற்குத்தான் நேரம் எடுக்கும்.

"நாள் பூரா சீக்காளிங்க மூஞ்சியப் பாத்துட்டு வூட்டுக்குப் போறேன். அங்க போயி அந்தக் கரடி அழுவுறதையும் நான் பாக்கணுமாண்ணா?"

"சிரிச்சிட்டு மறந்துட்டா அது காமெடி இல்லம்மா."

"மறக்கத்தான் நான் சிரிக்கிறேன்."

"புறா எச்சம் போடுறதுல இன்னாம்மா இருக்கு?"

"நகரசபையில வேற இன்னா நடக்குது, சொல்லுங்க. வீட்டு வரி பேரு மாத்தப் போயிருக்கீங்களா நீங்க?"

இந்த இடத்தில் வரிசையில் நிற்கும் இருமல்காரர்கள்கூடப் புறாக் கட்சிக்குத் தாவிவிடுவார்கள். இவர் விடமாட்டார். கரடி தூங்கப் போகும்போது அதன் முகத்தில் வரும் அமைதியைப் பற்றி ஆரம்பிப்பார். கரடியின் பிரெஞ்சுக் குரலுக்கும் ஆங்கிலக் குரலுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்வார். "இங்கிலீஷ்ல அது தோத்துப்போன கரடி. பிரெஞ்சுல அது தோத்தது தெரியாத கரடி. ரெண்டும் வேற வேற மிருகம்யா."

நான் அந்தக் கடைக்கு இருமல் மருந்துக்குப் போனவன். வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். எழுத்தாளன் என்ற முறையில் தீர்ப்பு சொல்லும் பொறுப்பு எனக்கு இருப்பதாக நினைத்து, "கரடியிடம் ஒரு இருத்தலியல் வெறுமை இருக்கிறது, முக்கியமாகப் பிற்பகுதிகளில்" என்று நுழைந்தேன்.

அவர் திரும்பினார். அன்போடுதான் கேட்டார்.

"எந்த எபிசோடு?"

சகாயராணி இருமல் மருந்தை நீட்டி, "குடிச்சா தூக்கம் வரும் சார். வூட்டுக்குப் போயிடுங்க" என்றார். மனிதாபிமானம் உள்ள பெண்.

அதுதான் அவருடைய குணம். கரடி பிடிக்காதவனை மன்னிப்பார். கார்ட்டூனே பிடிக்காதவனையும் மன்னிப்பார். பார்க்காததைப் பார்த்தேன் என்று சொன்னவனை மட்டும் அவரால் தாங்கிக்கொள்ள முடியாது. "பாக்கலன்னா பாக்கலன்னு சொல்லேன்யா. அதுல இன்னா கொறஞ்சிபோற?" என்பார், நிஜமாகவே புரியாமல். கம்பெனியில் வாளியைச் சோதித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டவனை ஒரு மாதம் பேசாமல் ஒதுக்கி வைத்தவர். பூசைக்கு லேட்டாக வந்துவிட்டு 'பிரசங்கம் நல்லாருந்திச்சி' என்ற, மணியடிக்கும் கோயில் பிள்ளையிடமே, "இன்னா சொன்னாரு?" என்று கேட்டவர்.

அன்றைக்கு நான் பிடிபட்டதில் ஒரு லாபம்: மாடிக்கு அழைத்தார். எல்லா சனிக்கிழமையும் கரடி. நான், அவர், அக்கா மகள் ஜெனி. ஜெனி டவுனில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்தாள். சின்ன வயதிலிருந்து அந்த மாடியில் வளர்ந்தவள், கரடிக் கட்சியின் இளைஞர் அணி. அவருடன் கரடி பார்ப்பதில் ஒரு தனி அனுபவம் உண்டு. கரடி வாயைத் திறப்பதற்கு அரை நொடி முன்னால் அவர் வாய் திறக்கும். வசனத்தைச் சொல்வார், பிறகு கரடி சொல்லும். வசனம் இல்லாத இடங்களில், அடுத்து வரப்போகும் வசனத்துக்கு முன்னுரை கொடுப்பார். "இப்பப் பாரு, இப்பப் பாரு, அவ இன்னா கேப்பா, இது இன்னா சொல்லும் தெரியுமா..." பார்த்து முடித்ததும் எனக்கு ஒரு எபிசோடைக் கேட்டு முடித்த திருப்தி இருக்கும்.

ஜெனிக்கு மாப்பிள்ளை பார்த்தபோது பாகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. அருள் என்று பெயர். கரும்பும் நெல்லும் போடும் குடும்பம், பையன் டவுனில் பேங்க் வேலை. எல்லாம் சரிதான், ஆனால் ஜெனியின் அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. பாகூர் தூரம் என்றார், பையன் ஒல்லி என்றார். ஜெனி ஃபோனில் அந்தப் பையனிடம் முதல் கேள்வியாகக் கேட்டாளாம்: கரடி பார்த்திருக்கிறீர்களா? "ஃபுல்லா பாத்துட்டேங்க, எல்லா சீசனும்" என்றானாம்.

அவ்வளவுதான். நம்ம ஆள் தாய்மாமனாகக் களத்தில் இறங்கினார். மச்சானை உட்காரவைத்துப் பேசினார். "ஒல்லி இன்னா மச்சான் ஒல்லி? அந்தப் பையன் மனசு எப்படிப்பட்டதுன்னு எனக்குத் தெரியும். அத முழுசாப் பாத்தவன் பொண்டாட்டியக் கைவிடமாட்டான்." மச்சானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காதபோது சம்மதிப்பது அவர் வழக்கம். கல்யாணம் முடிவானது.

கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். எங்கள் வேதத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மணமக்கள் பெயரை வாசிப்பது வழக்கம். முதல் ஓலை வாசித்த அன்றைக்குப் பாகூரில் மாப்பிள்ளை வீட்டில் விருந்து. என்னையும் அழைத்துப் போனார். ஆட்டுக்கறிக் குழம்பு. அவர் அருளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மருமகனோடு மனம்விட்டுப் பேச அவர் காத்திருந்தது முகத்திலேயே தெரிந்தது. கல்யாணம் ஜெனிக்கா இவருக்கா என்று சந்தேகம் வரும் அளவுக்கு வெட்கம்.

"மாப்ள, மூணாவது சீசன் முடிவுல கரடி தூங்கப்போவுதே, கதவுல ஒண்ணு எழுதி ஒட்டும் பாருங்க. இன்னா எழுதியிருக்கும்?"

அருள் கறித்துண்டைக் கடித்துக்கொண்டே யோசித்தான். "அது மாமா... தொந்தரவு செய்யாதீங்கன்னு ஏதோ... செம சீன் மாமா அது."

அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

கதவே கிடையாது. பார்த்தவனாக இருந்தால், 'ஏது கதவு மாமா?' என்று சிரித்திருப்பான். மூன்றாவது சீசனில் பெண்டாட்டி வீட்டைவிட்டுப் போகும்போது கதவையும் கழற்றிக்கொண்டு போயிருப்பாள். அந்த சீசனின் உயிரே அதுதான்.

ஏரிக்கரை வழியாகத் திரும்பி வரும்போது வண்டியை நிறுத்திவிட்டார். "பொய் சொல்லிட்டான்யா."

"கார்ட்டூன்தானே விடுங்க."

"இன்னைக்குப் பாக்காததப் பாத்தேன்னு சொல்றவன், நாளைக்குப் போவாத எடத்துக்குப் போனேன்னுவான்."

"அது எல்லாப் புருஷனும் சொல்றதுதாங்க" என்றேன், இருபது வருட அனுபவத்தில்.

அவர் சிரிக்கவில்லை. "நான்தான்யா மச்சான்கிட்ட ஜாமீன் நின்னேன். என் வாயாலதான் அந்தப் பொண்ணு போவுது."

ஜெனியிடம் சொல்லிவிடலாமே என்றேன். அழுவாள் என்றார். அக்காவிடம்? "கரடியா முக்கியம்னு கேக்கும்." அதற்கு அவரிடம் பதில் இருந்தது, ஆனால் அதை அக்காவிடம் சொல்ல முடியாது.

அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை. பெயர்களை வாசித்த பிறகு ஃபாதர் வழக்கம்போல, "இத்திருமணத்திற்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் அதைப் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று முடித்தார். எங்கள் பங்கில் இந்த வாக்கியத்தை இதுவரை யாரும் காதால் கேட்டதில்லை. அது வந்தால் பூசை முடியப்போகிறது என்று அர்த்தம். ஆட்கள் பெஞ்சுக்கடியில் செருப்பைத் தேட ஆரம்பிப்பார்கள். அவர் மட்டும் கேட்டுவிட்டார். 'கடமை' என்ற சொல் அவர் பிடரியில் போய் உட்கார்ந்தது பின் பெஞ்சில் இருந்த எனக்கே தெரிந்தது. திரும்பி என்னைப் பார்த்தார். நான் செருப்பைத் தேடினேன்.

தப்பிக்க முடியவில்லை. சாட்சியாக என்னையும் இழுத்துக்கொண்டு ஃபாதர் குடியிருக்கும் பங்களாவுக்குப் போனார். ஃபாதர் வயதில் சின்னவர், திருச்சபைச் சட்டம் படித்துவிட்டுப் புதிதாக வந்திருந்தார். தடை என்ற சொல்லைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப்போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். படித்த படிப்புக்கு முதல் கேஸ்.

"பையனுக்கு முன்னயே கல்யாணம் ஆயிருக்கா?"

"இல்ல ஃபாதர்."

"கிட்டத்து சொந்தமா?"

"இல்ல ஃபாதர்."

"வேற பொண்ணு கிண்ணு..."

"சேச்சே. தங்கமான குடும்பம் ஃபாதர்."

"அப்ப இன்னாதான் தடை?"

"கரடி பாக்கல ஃபாதர்."

ஃபாதர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த போப்பாண்டவரைப் பார்த்தேன். போப்பாண்டவர் உதவவில்லை. ஆகவே நானே, சமகால மேற்கத்திய அனிமேஷனில் நகைச்சுவையும் துயரமும் என்று ஆரம்பித்து ஒரு வழியாகக் கதவு இல்லாத இடம் வரை கொண்டுவந்து சேர்த்தேன். ஃபாதர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வெளியே போங்கடா என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். நம்ம ஆளும் அதைத்தான் எதிர்பார்த்து வந்தாரோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு. கடமையைச் செய்தாகிவிட்டது, ஃபாதர் திட்டி அனுப்பிவிட்டார், மனசாட்சி சுத்தம்.

ஃபாதர் திட்டவில்லை. "ஏமாத்திச் சம்மதம் வாங்கறது" என்றார் மெதுவாக. "இது சட்டத்துல இருக்கு."

"இருக்கா?" என்றோம் இருவரும்.

"ஒரு குணம் இருக்கிறதாப் பொய் சொல்லிச் சம்மதம் வாங்கியிருந்தா, அது குடும்ப வாழ்க்கையவே கெடுக்கற அளவு பெரிய விஷயமா இருந்தா, சம்மதம் செல்லாமப் போயிடலாம். ஆனா இது பெருசா சின்னதான்னு நீங்க சொல்லக்கூடாது. நானும் சொல்லக்கூடாது. பொண்ணுதான் சொல்லணும்." ஃபோனை எடுத்தார்.

நம்ம ஆள் ஃபோனுக்குக் குறுக்கே கையை நீட்டினார். "ஃபாதர், அவளக் கூப்புடாதீங்க. நான் சும்மா சொல்லிவச்சேன்."

"தடைன்னு ஒருத்தர் வந்து சொல்லிட்டார். கேக்காம மூணாவது ஓலை நான் வாசிக்க முடியாது."

ஜெனி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். கையில் ஹெல்மெட். மாமாவும் நானும் தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்பவர்களைப்போல நின்றுகொண்டிருந்தோம். ஃபாதர் விஷயத்தைச் சொல்ல, அவள் கதவு இருக்கிறதா என்று பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, சாத்தினாள்.

"அவன் பாக்கலன்னு எனக்குத் தெரியும் ஃபாதர். ஃபோன்லயே தெரிஞ்சிடுச்சி. ரீல்ஸ்ல ரெண்டு துண்டு பாத்திருப்பான். யாரப் புடிக்கும்னு கேட்டேன், ஹீரோயினன்னான். அதுல ஏது ஹீரோயின்?"

"தெரிஞ்சுமா ஒத்துக்கிட்டே?" என்றார் மாமா.

"மாமா, நானும் பாத்ததில்ல."

ஃபாதர் கழற்றிய கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இன்னா சொல்ற? எத்தினி வருஷமா மாடியில ஒக்காந்து..."

"நீங்க சொல்லித்தான் மாமா கேட்டிருக்கேன். ஒரு ஜோக்காவது அந்தக் கரடி சொல்லி நான் சிரிச்சிருக்கேனா? அது வாயத் தொறக்கறதுக்குள்ள நீங்க சொல்லிடுவீங்க. சிரிக்கலன்னா ஏன் சிரிக்கலன்னு கேப்பீங்க. ஒரு தடவையாவது அடுத்து இன்னா வரும்னு தெரியாம அதப் பாக்கணும்னு எனக்கு ஆச." ஹெல்மெட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "இவன் ஒண்ணும் பாக்கல. ரெண்டு பேரும் மொதல்லேர்ந்து பாப்போம். எனக்கு அதுதான் வேணும்."

மாமாவின் சட்டப்படி பார்த்தால் அந்த அறையில் அருளைவிடப் பெரிய குற்றவாளி ஜெனிதான். அதை நான் எடுத்துச் சொல்லவில்லை. எனக்கும் சில சமயம் புத்தி வேலை செய்யும்.

"அப்ப தடை இல்ல" என்றார் ஃபாதர், கொஞ்சம் ஏமாற்றத்துடன்.

அந்த வாரம் முழுக்க அவர் மருந்துக்கடைப் பக்கம் வரவில்லை. சகாயராணி என்னைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைக் கறந்துவிட்டார். புறாக் கட்சித் தலைவி வெற்றிக் கூச்சல் போடுவார் என்று நினைத்தேன். சிரிக்கத்தான் செய்தார், கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பிரஷர் மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துக் கவரில் போட்டு, "அண்ணன்கிட்ட குடுங்க. மாத்திரைய நிறுத்தக்கூடாது" என்றார். "கரடி நல்ல கரடிதான்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க. ஆனா எந்த எபிசோடுன்னு கேட்டா நீங்கதான் சமாளிக்கணும்."

மூன்றாம் ஓலைக்கு அவர் வருவாரா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. வந்தார். முன் பெஞ்சில் உட்கார்ந்தார். ஃபாதர் 'தடை ஏதேனும்' என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். கோயிலில் எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர் கைக்குட்டையை எடுத்து பலமாக மூக்கைச் சிந்தினார். ஃபாதர் அதை ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார்.

கல்யாணத்தில் தாய்மாமன் செய்ய வேண்டியதை ஒன்று குறையாமல் செய்தார். அருளிடம் மட்டும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. 'வாங்க, போங்க, சாப்டுங்க.' மாப்பிள்ளை என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

புதுத் தம்பதிகள் வில்லியனூரிலேயே வாடகைக்கு வீடு பார்த்து வந்தார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஜெனி எனக்கு ஃபோன் செய்தாள். "சாயங்காலம் மொத எபிசோடு பாக்குறோம். மாமாவக் கூட்டிட்டு வாங்க சார். ஒரு கண்டிஷன். வாயத் தொறக்கக்கூடாது." கண்டிஷனை அவரிடம் சொல்லும் வேலையும் என்னுடையதுதான். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார். செருப்பைப் போட்டுக்கொண்டார்.

சோபாவில் உட்கார்ந்ததும் ஒரு தலையணையை எடுத்து மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கரடி வந்தது. கோட்டைத் தட்டிவிட்டது. வாயைத் திறந்தது. அவர் உதடு அசைந்தது, தலையணை நசுங்கியது, சத்தம் வரவில்லை. கரடியின் குரலை அன்றைக்குத்தான் நான் முழுதாகக் கேட்டேன். எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கீச்சுக்குரல்.

வசனம் முடிந்தது. கரடி சமையலறைக்குப் போனது. ஃப்ரிட்ஜைத் திறந்தது. உள்ளே பார்த்தது. உள்ளே ஒன்றும் இல்லை. கரடி பார்த்துக்கொண்டே நின்றது. ஃப்ரிட்ஜின் வெளிச்சம் அதன் வயிற்றில் விழுந்தது. அப்படியே நின்றது. பிறகு, உள்ளே யாரோ தூங்குவதுபோல, சத்தம் வராமல் கதவைச் சாத்தியது.

அருள் சிரித்துவிட்டான். ஒரு வசனம்கூட இல்லாத இடத்தில். ஜெனி அவனைப் பார்த்து, அவளும் சிரித்தாள். எனக்கு உள்ளூரப் பயம். தப்பான இடத்தில் சிரித்தவர்களை அவர் என்ன செய்வார் என்று பார்த்தவன் நான். மெதுவாகத் திரும்பினேன்.

அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. இத்தனை வருடமும் அந்த இடத்தில் அவர் அடுத்த வசனத்துக்கு முன்னுரை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கரடி அடுத்த காட்சிக்குப் போய்விட்டது. அவர் தொண்டையைச் செருமினார். ஜெனி விரலை உயர்த்தி எச்சரித்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. ரிமோட் அருள் கையில் இருந்தது.

"மாப்ள," என்றார், "கொஞ்சம் பின்னால போங்களேன்."

அருள் ஜெனியைப் பார்த்தான். ஜெனி விரலை இறக்கினாள். கரடி மறுபடியும் வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தது.